நின்ற பிறகு கறை பட்டால் காட்டியாக வேண்டும்

மாதவிலக்கு நிற்கும் பருவம் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரே வரிதான்: “வயசானா இப்படித்தான்னு சொல்லுதாவ, டாக்டரம்மா.” எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிட முடியாது. அதனால் முக்கூடல் கடிதத்தை முதலில் எடுக்கிறேன்.

வயது 54. தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் பாவாடையில் இரண்டு நாள் லேசாகக் கறை. நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிற சூடு என்கிறாள் மைனி. (முக்கூடல்)

சூடு இல்லை அம்மா. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும், அது வெறும் பழுப்புக் கறையாக இருந்தாலும், காட்டியாக வேண்டும். பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும்: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து உலர்ந்திருக்கும், அல்லது சின்னதாகச் சதை வளர்ந்திருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடிமன் என்று பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால், துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். கர்ப்பப்பை வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் போனால் ஆயிரம் பீடிக் கூலி போகுமே என்று யோசிப்பீர்கள், தெரியும். இருந்தாலும் தட்டை இறக்கி வைத்துவிட்டு இந்த வாரமே போய்வாருங்கள். கறை தானாக நின்றுவிட்டாலும் போக வேண்டும்.

அம்மாவுக்கு 49. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். அப்புறம் புறவாசலில் தனியாக உட்கார்ந்து அழுகிறார். (அம்பாசமுத்திரம்)

கவனித்து எழுதினாயே மகளே, அதுவே பெரிய விஷயம். ஹார்மோன் ஏறி இறங்கும் இந்த வருஷங்களில் மனசும் சேர்ந்து ஆடும். ராத்திரி வியர்த்து நாலு தடவை விழிப்பவருக்குப் பகலில் பொறுமை எங்கிருந்து வரும்? “கோட்டி பிடிச்சிட்டு” என்று வீட்டில் யாரையும் சொல்ல விடாதே. தைராய்டும் ரத்த அளவும் பார்த்துவிடுங்கள், அவற்றாலும் இப்படி வரும். சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதே, அன்றைக்கே கூட்டிப் போ.

வகுப்பில் நிற்கும்போதே முகம் குப்பென்று கொதித்து வியர்க்கிறது. வயது 47. (பாளையங்கோட்டை)

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடல் சூட்டைச் சமன் செய்கிற மூளைப் பகுதி தடுமாறுகிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். பருத்திச் சேலை கட்டுங்கள், மாலைக் காப்பியை விட்டுப் பாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சை நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எலும்புக்கு உளுந்தங்களி போதுமா? (கல்லிடைக்குறிச்சி)

நல்லதுதான், போதாது. மாதவிலக்கு நின்ற பிறகு தினமும் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. மோரும் கீரையும் சேருங்கள், வெயில் படும்படி நடங்கள். சர்க்கரை இருந்தால் களியில் கருப்பட்டியைக் குறையுங்கள்.

வயது 46, மூன்று மாதமாக வரவில்லை. இனி கருத்தடை வேண்டாம்தானே? (தென்காசி)

வேண்டும். முதலில் கர்ப்பமா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். 50 வயதுக்குள் நின்றால் கடைசித் தீட்டிலிருந்து 2 வருஷம், 50-க்கு மேல் என்றால் 1 வருஷம் கருத்தடை தொடர வேண்டும்.