பல் எலும்புக்கு கொலாஜன் மெம்பரேன்: பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 52 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாக ஆடுகிறது. கடலூரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பல்லைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறதாம். கொலாஜன் மெம்பரேன் வைத்தால் திரும்ப வளர்ந்துவிடுமாம். போன் கிராஃப்டும் (பள்ளத்தில் நிரப்பும் எலும்புப் பொடி) சேர்த்து 22,000 ரூபாய், பாதியை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள், அம்மா. சிகிச்சையைக் குறை சொல்லவில்லை. பொருத்தமான பல்லுக்குச் செய்தால் நல்ல சிகிச்சைதான். உங்கள் பல் அதற்குப் பொருத்தமானதா என்பதுதான் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் 22,000 அதிகமா குறைவா என்று பேசிப் பயனில்லை.

உங்களுக்குச் சொன்னது கொலாஜன் என்கிற புரதத்தில் செய்த மெல்லிய சவ்வு. அந்த மெம்பரேன் செய்கிற வேலை என்ன என்று முதலில் பார்ப்போம். ஈறு நோயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் நாரும் அழிந்து, அங்கே ஒரு பள்ளம் விழுகிறது. டாக்டர் ஈற்றைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து மூடினால், முதலில் ஓடிவந்து அந்த இடத்தைப் பிடிப்பது ஈற்றின் மேல்தோல். எலும்பும் நாரும் மெதுவாகத்தான் வளரும். நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது புரியும்: முந்திரிக் கன்று வேர் பிடிப்பதற்குள் கோரை இடத்தை மூடிவிடும். கோரையை உள்ளே விடாத வேலிதான் மெம்பரேன். அது எலும்பை வளர்த்துக் கொடுக்காது. உங்கள் உடம்பு எலும்பை வளர்க்கத் தேவையான சில வாரங்களுக்கு இடத்தைக் காத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

1982-ல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் நைமன், லிண்டே, காரிங் குழுவினர் இதை முதன்முதலாக ஒரு மனிதப் பல்லில் செய்து காட்டினார்கள். அன்று அவர்கள் வைத்தது ஒரு வகை வடிதாள். அதன்பின் வந்த டெஃப்லான் வகை மெம்பரேன்கள் உடம்பில் கரையாது என்பதால், அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. கொலாஜன் தானே கரைந்துவிடும். சில வகை ஒன்றிரண்டு மாதத்திலேயே கரையும், சில வகை ஆறு மாதம் வரை நிற்கும். காய்ந்த நிலையில் பார்த்தால் கெட்டியான வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். டாக்டர் கத்தரித்து வைத்த பிறகு, ரத்தம் பட்டதும் நனைந்த அப்பளம்போலத் துவண்டு எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, எந்தப் பல்லுக்கு? எலும்பு கரைந்திருக்கும் வடிவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பல்லை ஒட்டிக் குறுகலாக, ஆழமாக, இரண்டு மூன்று பக்கம் எலும்புச் சுவர் மிச்சமிருக்கும் கிணறு மாதிரிப் பள்ளம் என்றால் நல்ல பலனை எதிர்பார்க்கலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் இரண்டு வேருக்கு நடுவே, மறுபக்கம் வரை துளைத்துப் போகாத அரிப்புக்கும் இது உதவும். ஆனால் வரிசை முழுக்க எலும்பு மட்டமாக இறங்கியிருந்தால் மெம்பரேனுக்கு அங்கே வேலையில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு மணல் போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டின குழியைத் தூர்க்கலாம், கரையே இறங்கிவிட்டால் எதன்மேல் நிரப்புவது?

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் நான்கு பல்லுக்கு மெம்பரேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈறு நோய்ப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் எலும்பின் விளிம்பை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். மூன்று பல்லில் கோடு நேராக ஓடியது. ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் பேனா கீழே இறங்கி ஏறியது. “இந்த ஒண்ணுக்கு மட்டும் செய்யலாம்மா” என்றார். நான்குக்கும் பணம் கட்டியிருந்தால் மூன்று வீண். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் உங்கள் டாக்டரிடமும் படத்தில் பள்ளத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாக்கெட், அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்த இடைவெளி, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று கேளுங்கள். ஆழ சுத்தம், அதாவது ஸ்கேலிங்கும் வேர் சுத்தமும், முடிந்துவிட்டதா? அது முடிந்து ஆறு எட்டு வாரம் கழித்துத் திரும்ப அளந்தார்களா? நான் இந்த வாரம் கட்டாதீர்கள் என்றது இதற்காகத்தான். நிறையப் பேருக்கு அந்தச் சுத்தத்திலேயே ஈறு இறுகி, பாக்கெட் குறைந்து, ஆபரேஷன் தேவையில்லாமல் போய்விடும். அளந்த பிறகும் ஆழம் குறையாவிட்டால் அப்புறம் மெம்பரேனைப் பற்றிப் பேசலாம். சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமோ வீட்டில் பீடி, சிகரெட்டோ இருந்தால் மறைக்காதீர்கள். புகை பிடிப்பவர்களுக்கு இந்த ஆபரேஷனின் பலன் நன்றாகவே குறைகிறது.

இரண்டாவது கருத்துக்குத் தொலைவு போக வேண்டாம். புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் பழைய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. இரண்டிலும் ஈறு நோய்க்கென்றே பெரியோடான்டிக்ஸ் பிரிவு உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், எக்ஸ்ரேயை மறக்காதீர்கள்.

கேள்வி: மெம்பரேன் எந்த மிருகத்திலிருந்து வருகிறது? பன்றி என்று ஒருவர் சொன்னார். எங்களுக்கு அது ஆகாது. டாக்டரிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: தயங்காதீர்கள், பாய். உடம்புக்குள் வைக்கும் பொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. சந்தையில் பன்றித் தோலிலிருந்து எடுத்தது, மாட்டின் தசைநாரிலிருந்து எடுத்தது, மீனிலிருந்து எடுத்தது எல்லாமே இருக்கின்றன. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய சுவிட்சர்லாந்து மெம்பரேன், பயோ-கைட், பன்றியிலிருந்து வருவது. கொலாஜன் என்பது தோலின் முக்கியப் புரதம். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனை மருத்துவத்துக்குப் பயன்படுத்துவது பற்றி ஆய்வு செய்கிறது என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். தோல் தெரிந்தவர்களுக்குக் கொலாஜனும் தெரியும்.

அட்டைப்பெட்டியில் ஆங்கிலத்தில் ‘போர்சைன்’ என்றிருந்தால் பன்றி, ‘போவைன்’ என்றிருந்தால் மாடு, ‘ஃபிஷ்’ என்றால் மீன். மாடு ஆகாது என்கிற வீடுகளுக்கும் இதே பதில்தான். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். போன் கிராஃப்ட் பொடியைத் தனியாகக் கேளுங்கள். மெம்பரேன் மீனாக இருந்து, பொடி மாட்டெலும்பாக இருக்கலாம். எதுவுமே ஆகாது என்றால் மிருகம் சேராத செயற்கை மெம்பரேன்கள் உண்டு. உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றித் தயாரிக்கும் பி.ஆர்.எஃப் சவ்வும் உண்டு. அது ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும் என்பதால் கொலாஜனுக்கு அப்படியே மாற்று ஆகாது. உங்கள் பள்ளத்துக்கு அது போதுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நாளில் வாயைத் திறந்துகொண்டு கேட்க முடியாது, தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் கொலாஜன் பவுடர் விற்கிறார்கள். அதைக் குடித்தால் பல் எலும்பு வளராதா? ஆபரேஷன் மிச்சமாகுமே.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வளராது. குடிக்கும் கொலாஜன் வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகிவிடும். அது நேராகப் போய்ப் பல்லடியில் வேலியாக நிற்காது. அந்தப் பணத்தில் பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் ஊர் நெல்லிக்குப்பம். புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் மெம்பரேன் வைத்தார்கள். மூன்றாவது வாரம் ஈறு திறந்து வெள்ளையாகத் தெரிகிறது. பில்லில் ‘டென்டல் புரொசீஜர் – 30,000’ என்று ஒரே வரி. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர்

பதில்: முதலில் வாய், அப்புறம் பணம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஈறு விலகி மெம்பரேன் வெளியே தெரிவது இந்தச் சிகிச்சையில் அறிந்த ஒரு சிக்கல்தான். கொலாஜன் என்பதால் பெரும்பாலும் அதைப் பிடுங்காமல், குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி நீரில் கொப்பளிக்கச் சொல்லிக் கவனிப்பார்கள். நீங்களாக விரலோ குச்சியோ வைக்காதீர்கள். அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்.

இந்தச் சிக்கல் வந்ததை மட்டும் வைத்து அலட்சியம் என்று வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லி உங்கள் கையெழுத்து வாங்கினார்களா? சொன்ன பொருளைத்தான் வைத்தார்களா? கேள்வி இங்கே இருக்கிறது. மெம்பரேன் பெட்டியில் லாட் எண், காலாவதித் தேதி, உரிம எண், எம்.ஆர்.பி. எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்த ஸ்டிக்கரும், பொருளும் கூலியும் பிரித்துப் போட்ட பில்லும், எக்ஸ்ரேக்களும், ஒப்புதல் படிவத்தின் நகலும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, தேதியோடு பதிவு இருக்கட்டும்.

கொடுக்க மறுத்தால், அல்லது வைக்காத பொருளுக்குப் பணம் வாங்கியது தெரிந்தால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். சிகிச்சை புதுச்சேரியில் என்றாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டாம், கடலூர் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அலட்சியம் என்று வாதிடுவதானால் இன்னொரு பல் மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்து தேவைப்படும். அதற்கு முன் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.