செடி ஈயத்தைத் தின்னுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் முன்பு பழைய பேட்டரி உடைக்கிற பட்டறை இருந்தது. வெட்டிவேர் நட்டால் ஈயம் போய்விடுமா? மரச்சீனி (மரவள்ளி) போடலாமா? (தக்கலை)

போகாது. ஈயம் ஒரு தனிமம். எந்தச் செடியாலும் அதைச் செரித்து வேறொன்றாக மாற்ற முடியாது. வெட்டிவேர் அதைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். ஈயத்தில் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடும், இலைக்குக் கொஞ்சம்தான் ஏறும். ஆனாலும் நம் குமரி மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். சரிவான விளையிலிருந்து (தோட்ட நிலத்திலிருந்து) செம்மண் கரைந்து குளத்துக்குப் போகிறது. சரிவுக்குக் குறுக்கே, சாண் இடைவெளியில் தூர்களை நடுங்கள். மண் புளிப்பாக இருந்தால் பரிசோதித்துவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள். ஈயம் கரைவது குறையும்.

ஒரு எச்சரிக்கை: அந்த வேரைப் பிடுங்கி மணக்கிறதே என்று குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவிடாதீர்கள். மரச்சீனி, கீரை இரண்டும் அங்கே வேண்டாம். வேறு இடத்து மண்ணைப் பையில் நிரப்பி வளர்க்கலாம். அந்த மண்ணில் விளையாடிய பிள்ளைகள் இருந்தால், செடியை விட முதலில் அவர்களின் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள்.

கேள்வி: கடுகும் சூரியகாந்தியும் ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் என்கிறார்களே? (நாகர்கோவில்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் நிலத்தில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 8 டன் இருக்கும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் என்றால் மொத்தம் 4 கிலோ. அந்த ஒரு சென்டில் ஆண்டுக்கு 40 கிலோ காய்ந்த செடி அறுத்து, கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறினால், வெளியே வருவது 4 கிராம். ஆயிரம் வருஷம் ஆகும்! ஈயத்தைக் கரைத்துவிடும் ரசாயனம் ஊற்றினால் வேகம் கூடும். ஆனால் கரைந்தது கிணற்றுக்கும் இறங்கும். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிற இடத்தில் அது வேண்டாத வேலை.

ஆர்சனிக் என்ற நச்சுக்கு மட்டும் நல்ல செடி உண்டு. பழைய சுவரின் காரை இடுக்கில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி அதை இலையிலேயே சேர்க்கும் என்று 2001-ல் கண்டறிந்தார்கள். ஈயத்துக்கு அது உதவாது.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷமாக துரிசு அடிக்கிறோம். மண் கெட்டிருக்குமா? (குலசேகரம்)

துரிசில் இருப்பது செம்பு. அது மேல்மண்ணில்தான் தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. நிற்கிற மரத்தை விட, மரத்தை வெட்டிவிட்டு வேறு பயிர் வைக்கும்போதுதான் கவனம் வேண்டும். மண்வள அட்டையில் செம்பின் அளவு இருக்கும், எடுத்துப் பாருங்கள். (ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் அதில் வராது. அதற்குத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.)

கேள்வி: குளத்து ஆகாயத்தாமரையை உரமாக்கலாமா? (இரணியல்)

சாக்கடையோ பட்டறைக் கழிவோ சேராத குளம் என்றால் தாராளமாக. சேர்கிறது என்றால், அது வேரில் இழுத்து வைத்த உலோகத்தை உங்கள் கையாலேயே விளைக்குக் கொண்டுவருவீர்கள். அப்புறம், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. குளத்துக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் அழுக்கை வடிக்க, நம் ஊர் நீர்ப்புற்களான சம்பும் கோரையும் போதும். அங்கே அறுத்ததை மட்டும் ஆட்டுக்குப் போடாதீர்கள்.