லினக்ஸ் கேள்வி பதில்: களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வரும் மென்பொருள்கள்

கேள்வி: உபுண்டுவில் ஒரு மென்பொருளின் மூலநிரலைப் பதிவிறக்கி, அதனுடன் வந்த குறிப்பின்படி ‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்து நிறுவினேன். இப்போது அதை நீக்க விரும்புகிறேன். ஆனால் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி கருவி, அப்படி ஒரு பொதியே (பேக்கேஜ்) இல்லை என்கிறது. என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏபிடி உண்மையைத்தான் சொல்கிறது. எந்தப் பொதி எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்ற பேரேட்டை, ஏபிடிக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி பராமரிக்கிறது. ‘மேக் இன்ஸ்டால்’ அந்தப் பேரேட்டில் ஒரு வரிகூட எழுதாமல் கோப்புகளை நேரடியாக நகலெடுத்துவிடுகிறது. நல்ல வேளையாக, வேறிடம் எதுவும் குறிப்பிடப்படாதபோது பெரும்பாலான மூலநிரல்கள் ‘யூஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் உள்ள ‘லோக்கல்’ பகுதியிலேயே நிறுவப்படுகின்றன. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் விதிகளின்படி பொதிகள் அந்தப் பகுதியில் கோப்புகளை வைக்கக் கூடாது என்பதால், நீங்கள் நிறுவியவையும் இயங்குதளத்துக்குச் சொந்தமானவையும் அங்கே கலந்துவிடுவதில்லை.

மூலநிரலைத் தொகுத்த (கம்பைல் செய்த) கோப்புறை இன்னும் இருக்குமானால், முதலில் அதற்குள் சென்று ‘மேக் அன்இன்ஸ்டால்’ கொடுத்துப் பாருங்கள். எல்லா மென்பொருள்களிலும் இந்த வசதி இருப்பதில்லை. சீமேக் என்ற தொகுப்புக் கருவி கொண்டு தொகுத்திருந்தால், நிறுவப்பட்ட கோப்புகளின் பட்டியல் ‘இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட்’ என்ற பெயரில் தொகுப்புக் கோப்புறையிலேயே கிடைக்கும். இரண்டும் இல்லையென்றாலும் வழியுண்டு. அதே பதிப்பை அதே விருப்பங்களுடன் மீண்டும் தொகுத்து, ‘டெஸ்ட்டிர்’ என்ற மாறியில் ஒரு வெற்றுக் கோப்புறையைச் சுட்டி நிறுவினால், எந்தெந்தக் கோப்புகள் எங்கெங்கே சென்றிருக்கும் என்பது அங்கே அப்படியே தெரிந்துவிடும். அதைப் பார்த்து உண்மையான இடத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கலாம்.

நீக்குவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. உபுண்டுவிலும் டெபியனிலும் நிரல்களைத் தேடும்போதும் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்நூலகங்களைத் தேடும்போதும் இந்த ‘லோக்கல்’ பகுதியே முதலில் பார்க்கப்படுகிறது. நீங்கள் நிறுவிய மென்பொருளுடன் ஒரு நூலகமும் அங்கே வந்து தங்கியிருந்தால், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு நிரல், இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து (ரெப்பாசிட்டரி) வந்த நூலகத்தை விட்டுவிட்டு உங்களுடைய பழைய நூலகத்தை எடுத்துக்கொண்டு தடுமாறக்கூடும். பல மாதங்கள் கழித்து இப்படி நேரும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இனி மூலநிரலிலிருந்து நிறுவுவதாக இருந்தால், ‘ஆப்ட்’ கோப்புறைக்குள் அந்த மென்பொருளின் பெயரில் ஒரு தனிக் கோப்புறை அமைத்து முழுவதையும் அதற்குள்ளேயே வையுங்கள். குனூ ஸ்டோ என்ற சிறிய கருவியும் உதவும். அது ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்து, ‘லோக்கல்’ பகுதியில் வெறும் இணைப்புகளை மட்டும் உருவாக்குகிறது. வேண்டாதபோது அந்த இணைப்புகளை ஒரே கட்டளையில் விலக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: டெபியன் 12-இல் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் பைத்தான் நூலகம் நிறுவ முயன்றால், ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று கூறி மறுத்துவிடுகிறது. தடையை மீறும் விருப்பத்தைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். இயங்குதளத்தின் சில கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் நூலகங்களை பிப் மறைத்துவிடாமலிருக்கவே 2023-இல் வந்த டெபியன் 12 இந்தத் தடையை விதித்தது. நூலகம் வேண்டுமென்றால் இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாத தனிச் சூழலான வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பைத்தானில் எழுதப்பட்ட முழு மென்பொருள் வேண்டுமென்றால் அதற்கெனத் தனிச் சூழலைத் தானே அமைத்து நிறுவும் பிப்எக்ஸ் போதும்.

கேள்வி: சில நிறுவனங்கள் தங்கள் களஞ்சியத்தையும் அதன் சாவியையும் (பொதிகள் அங்கிருந்துதான் வந்தனவா என்று சரிபார்க்க உதவுவது) சேர்க்கச் சொல்லி ஒரு நீண்ட கட்டளையைத் தருகின்றன. அதை அப்படியே டெர்மினலில் ஒட்டுவது பாதுகாப்பானதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: களஞ்சியத்தைச் சேர்ப்பது என்பது ஒரு மென்பொருளை நிறுவுவதைவிடப் பெரிய அனுமதி. ஒரு பொதி நிறுவப்படும்போது அதனுடன் வரும் சிறு நிரல்கள் ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்துடன் இயங்குகின்றன. களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டாலோ, இனி வரும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அந்த அதிகாரத்தை முன்கூட்டியே வழங்கிவிடுகிறீர்கள்.

ஏபிடி-கீ என்ற பழைய கருவி கைவிடப்பட்டுவிட்டது. அது சேர்க்கும் சாவி, கணினியிலுள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியானது என்பதே அதிலிருந்த குறை. சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, களஞ்சிய வரியில் ‘சைன்டு-பை’ என்று அந்தக் கோப்பைச் சுட்டுவதே இன்றைய முறை. ஆனால் இதுவும் முழுக் காப்பு அல்ல. அந்தக் களஞ்சியம் நாளை உங்கள் கணினியின் ஓர் அடிப்படைப் பொதியையே அதே பெயரில், உயர்ந்த பதிப்பு எண்ணுடன் வழங்கினால், ஏபிடி அதைத்தான் தேர்ந்தெடுக்கும். இதைத் தடுக்க, எந்தக் களஞ்சியத்துக்கு எவ்வளவு முன்னுரிமை என்று ஏபிடிக்குச் சொல்லும் பின்னிங் முறையில் அந்தக் களஞ்சியத்தின் எல்லாப் பொதிகளுக்கும் முன்னுரிமையை 1 என்று குறைத்துவிட்டு, உங்களுக்குத் தேவையான பொதிக்கு மட்டும் வழக்கமான 500-ஐ அளியுங்கள். இந்தச் சிறு வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக நுழைய வழிசெய்யும் பின்வாசல் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்ததை, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமானதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அதைத் தூண்டிவிடும் வரி வெளியீட்டுத் தொகுப்புகளில் மட்டுமே இருந்தது. மூலநிரல் வைக்கப்பட்டிருந்த கிட் களஞ்சியத்தைப் படித்தவர்களின் கண்ணில் படவில்லை. டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்துவிட்டது. நிலையான வெளியீட்டை எட்டவில்லை. மென்பொருளைக் காக்கவைத்துச் சோதித்துச் சேர்க்கும் அந்த மெத்தனத்தைப் பலர் குறைகூறுகிறார்கள். எனக்கோ அது டெபியனின் பெரிய பலமாகவே தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தின் உபுண்டு கணினிகள் அனைத்திலும் சில தமிழ் எழுத்துருக்களையும், நாங்களே சி மொழியில் எழுதிய ஒரு தட்டச்சுப் பயிற்சி மென்பொருளையும் நிறுவ வேண்டும். அவற்றை ஏபிடி நிறுவக்கூடிய டெப் கோப்பாக மாற்றுவது கடினமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: எழுத்துருவைப் பொறுத்தவரை மிக எளிது. லோஹித் தமிழ் போன்றவை ஏற்கெனவே களஞ்சியத்திலேயே பொதிகளாக உள்ளன என்பதால் முதலில் அங்கே தேடிவிடுங்கள். அங்கே இல்லாதவற்றுக்கு, பகிர்வதற்கு உரிமம் அனுமதிக்கிறதா என்று பார்த்த பின், ஒரு கோப்புறைக்குள் எழுத்துருக் கோப்புகளை அவை இறுதியில் சென்று சேரவேண்டிய அதே பாதையில், அதாவது ‘யூஎஸ்ஆர்’, ‘ஷேர்’, ‘ஃபான்ட்ஸ்’ என்ற வரிசையில் வையுங்கள். அருகிலேயே ‘டெபியன்’ என்று பெரிய எழுத்துகளில் பெயரிட்ட கோப்புறையில் ‘கன்ட்ரோல்’ என்ற கோப்பை உருவாக்கி, அதில் பொதியின் பெயர், பதிப்பு, கட்டமைப்பு, பராமரிப்பவர், விளக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். எழுத்துரு எந்த வகைச் செயலிக்கும் (பிராசசர்) பொதுவானது என்பதால் கட்டமைப்பு ‘ஆல்’ என்றே இருக்கட்டும். பிறகு ‘டிபிகேஜி-டெப்’ கட்டளைக்கு ‘பில்டு’ விருப்பத்தைக் கொடுத்தால் பொதி தயார். அப்போது ‘ரூட்-ஓனர்-குரூப்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிறுவப்பட்ட கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகாமல், அவற்றை உருவாக்கிய உங்கள் பயனர் எண்ணையே சுமந்துகொண்டிருக்கும். எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கத் தனி நிரல் எழுதத் தேவையில்லை, அதை ஃபான்ட்கான்ஃபிக் தானே கவனித்துக்கொள்கிறது.

சி மொழி மென்பொருளில் சற்றுக் கவனம் வேண்டும். உபுண்டு 24.04-இல் தொகுத்தது 22.04-இல் இயங்காமல் போகலாம். முன்னதில் சி நூலகத்தின் பதிப்பு 2.39, பின்னதில் 2.35. ஆகவே ஆய்வகத்தில் மிகப் பழைய பதிப்பு எந்தக் கணினியில் இருக்கிறதோ அதிலேயே தொகுங்கள். எந்தச் சூழலிலும் சி நூலகத்தைக் கையால் உயர்த்த முயல வேண்டாம், கணினியே எழும்பாமல் போய்விடும். சார்புகளை, அதாவது மென்பொருள் இயங்கத் தேவையான பிற பொதிகளை, ஊகித்து எழுதாமல் ‘டிபிகேஜி-எஸ்ஹெச்லிப்டெப்ஸ்’ கருவியிடம் கேட்டுப் பெறுங்கள். சோதனைப் பதிப்பு வெளியிடுவதானால், ‘1.0~ஆர்சி1’ என்பது போல எண்ணுக்குப் பின் அலைக்குறி இடுங்கள். அந்தக் குறி வந்தால் டிபிகேஜி அதை 1.0-க்கு முந்தையதாகக் கணக்கிடும் என்பதால், இறுதிப் பதிப்பு வரும்போது அப்டேட் தடையின்றி நடக்கும்.

நிறுவும்போது ‘டிபிகேஜி’யை நேரடியாக அழைத்தால் அது சார்புகளைத் தேடித் தராது. அதற்குப் பதில் ‘ஏபிடி இன்ஸ்டால்’ எழுதி, கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுங்கள். கணினிகள் பல இருப்பதால், ஆய்வகத்திலேயே ஒரு கணினியில் ரெப்ரெப்ரோ அல்லது ஆப்ட்லி கொண்டு சிறு களஞ்சியம் அமைத்துவிடுவது நல்லது. அடுத்த முறை நீங்கள் மென்பொருளைத் திருத்தும்போது, பதிப்பு எண்ணை மட்டும் உயர்த்திப் பொதியை அங்கே வைத்துவிட்டால், மற்ற கணினிகள் வழக்கமான அப்டேட்டுடன் அதையும் பெற்றுக்கொள்ளும்.