சூடானதும் நின்றுபோகும் புல்வெட்டி மெசின்: வாரண்டிக்குக் கொடுக்கும் முன்

தம்பி, வேறு யாராவது படித்தாலும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கமிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நான்கு மாதம். செம்பனைத் தோட்டத்தில் வேலை, லயத்து வீடு. வீட்டுக்குப் பின்னால் வெண்டி, கத்தரி போட இடம் சுத்தம் பண்ணப் பட்டணத்துக் கடையில் 2டி, அதாவது பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டி மெசின் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். இருபது நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது, ஆறினால்தான் திரும்ப எடுக்கிறது. கடைத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, “கம்பெனிக்கு அனுப்பிக்கோ, எனக்குச் சம்பந்தமில்லை” என்கிறார். ஊராக இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்த்துவிடலாம், இங்கே என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

பிரிக்காதீர்கள். இதுதான் முதல் பதில். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஸ்க்ரூ தலையில் திருப்புளி பட்ட தடம் ஒன்று இருந்தாலே போதும், “வெளியே திறந்திருக்கிறார்கள்” என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கலவையின் அளவைத் திருத்த அதில் பெரும்பாலும் எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அவற்றின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. லயத்தில் மெசின் தெரிந்த அண்ணன்மார் நிறையப் பேர் இருப்பார்கள், நல்ல மனதோடுதான் கை வைக்க வருவார்கள். வாரண்டி முடியும்வரை அவர்களிடம் யோசனை மட்டும் கேளுங்கள்.

எதையுமே தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் மூடி மூன்றும் வாங்கியவர் பராமரிக்க வேண்டியவை, கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். சூடானதும் நிற்கும் கோளாறுக்குப் பாதி விடை இந்த மூன்றிலேயே கிடைத்துவிடும்.

மெசின் நின்ற அந்த நிமிடமே டாங்கி மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், கயிற்றை இழுத்ததும் எடுத்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராமல் நின்றிருக்கிறது. சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) புது மூடி கிடைக்கும், வாரண்டி வரை போக வேண்டியதில்லை.

மூடியைத் தளர்த்தியும் எடுக்கவில்லையா? மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் கேனைத் தள்ளி வைத்துவிட்டு, நிழலில் வைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உலோகத்தில் தொடும்படி ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள். பிளக் கழற்றிய துளைக்கு அருகில் பிடிக்கக் கூடாது, அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். சுவிட்சை ஓடும் நிலையில் வைத்து ஒருவர் கயிற்றை இழுக்கட்டும். பொறி வராவிட்டால் புதுப் பிளக் போட்டும் ஒரு தடவை பாருங்கள். அதிலும் சூட்டில் பொறி வராமல், ஆறிய பிறகு வந்தால், பெரும்பாலும் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்தான் போயிருக்கும். சூடேறும்போது உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இது பயன்படுத்தியவர் தவறால் வருவது அரிது. சூட்டில் ஒன்று, ஆறிய பிறகு ஒன்று என்று இரண்டு முறையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் மெசினை எடுப்பது காலையில், ஆறிக் கிடக்கும்போது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று எழுதிவிடுவார்கள். அந்த எழுத்துக்குப் பதில் சொல்ல உங்களிடம் இருக்கப்போவது இந்த வீடியோதான்.

எஞ்சினைச் சுற்றியிருக்கும் அலுமினியத் தகடுகளையும் பாருங்கள். லாலான் புல் பூத்திருக்கும் காலத்தில் அந்தப் பஞ்சு போய்த் தகடுகளின் இடுக்கில் மெத்தை மாதிரி அடைந்துகொள்ளும். காற்றுப் போகாமல் சூடேறி நிற்கும். எஞ்சின் மூடியைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பிரஷ் போட்டுத் தட்டிவிடலாம். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம்.

அடுத்தது எண்ணெய்க் கலவை. வாரண்டி மறுக்கப்படுவதில் பெரும்பங்கு இங்கேதான். கையேட்டில் 50:1 என்று போட்டிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி எண்ணெய். 25:1 என்றால் 40 மில்லி. நம் ஆட்கள் கலப்பது 1.5 லிட்டர் தண்ணீர் போத்தலில்தான், அதற்கு 30 மில்லி அல்லது 60 மில்லி. மூடிக் கணக்கு, கண் கணக்கு வேண்டாம். மருந்துக்கடையில் 20 மில்லி ஊசிக்குழல் ஒன்று வாங்கி வையுங்கள். எண்ணெய்ப் போத்தலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்ற தர முத்திரை இருக்க வேண்டும். மோட்டார்சைக்கிளின் 4டி (ஃபோர்-ஸ்ட்ரோக்) எண்ணெய் கூடாது, படகு எஞ்சினுக்கான 2டி எண்ணெயும் கூடாது. படகு எஞ்சின் தண்ணீரால் குளிர்வது, இது காற்றால் குளிர்வது, இதன் சூடு அதிகம். கலந்து ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலையும் ஊற்றாதீர்கள்.

சர்வீஸ் ஆள் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார் என்று தெரிந்தால் இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று விளங்கும். புகைக்குழலைக் கழற்றுவார். கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் தெரியும்படி நிறுத்துவார், துளைக்குள் டார்ச் அடிப்பார். நல்ல பிஸ்டன் என்றால் எண்ணெய்ப் பசையோடு பளபளக்கும், தயாரிக்கும்போது கடைந்த மெல்லிய வரிகள் அப்படியே இருக்கும். எண்ணெய் இல்லாமல் ஓடிய பிஸ்டன் வறண்டுபோய், அலுமினியச் சட்டியை ஆணியால் கீறினாற்போல மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கும், அதுவும் சுற்றிலும். அதைப் பார்த்த நிமிடமே கோப்பை மூடிவிடுவார். கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்தோ ஓடி மண் உள்ளே போயிருக்கிறது, அதுவும் உங்கள் தலையில்தான் விழும். ஆனால் புகை போகும் பக்கம் மட்டும் கீறல் இருந்து, பிஸ்டனில் எண்ணெய்ப் பசை இன்னும் இருந்தால், எண்ணெய் சரியாகத்தான் கலந்திருக்கிறது, பெட்ரோலுக்குக் காற்று மிஞ்சிப்போயிருக்கிறது என்று பொருள். எஞ்சின் அச்சைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீல் கசிந்தாலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் (அடைப்புத் தாள்) விட்டிருந்தாலோ அப்படி ஆகும். நான்கு மாத மெசினில் அது தயாரிப்புக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் காற்றுக் கசிவைக் காட்டும் சோதனையைக் கேளுங்கள்: “பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள், முடிவை எழுதிக் கொடுங்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பார்ப்பார்கள். பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு நைலான் கயிற்றை நீளமாக விட்டு வெட்டுவது இங்கே பரவலான பழக்கம். நீளக் கயிறு எஞ்சினை இழுத்துப் பிடிக்கும், வேகம் குறையும், கிளட்ச் வழுக்கி எரியும், எஞ்சின் சூடேறும். தகடு இல்லாத மெசினைக் கொண்டுபோனால் கேள்வி அங்கேயே ஆரம்பித்துவிடும். கல் தெறித்தால் காலையும் கண்ணையும் காப்பது அந்தத் தகடுதான் என்பதால், வாரண்டிக்காக இல்லாவிட்டாலும் அதை மாட்டியே வெட்டுங்கள். பிளேடு, கயிறு, பிளக், ஃபில்டர் எல்லாம் தேய்மானப் பொருள், பெரும்பாலும் வாரண்டியில் வராது.

இனி காகிதம். ரசீது வெப்பத்தாளில் அடித்தது என்றால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். இன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். வாரண்டி கார்டில் கடைச் சாப்பும் (முத்திரையும்) வாங்கிய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரசீதோடு கடைக்குப் போய், “தோலோங் சொப் காட் வாரந்தி” (வாரண்டி கார்டில் சாப்பு அடித்துக் கொடுங்கள்) என்று மலாயில் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் மேல் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் அந்தக் கடை மட்டும்தான் உங்களுக்கு வழி, கம்பெனி கையை விரித்துவிடும். சில பிராண்டுகளுக்கு இணையத்தில் பதிவும் செய்ய வேண்டியிருக்கும், கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கூலிக்கு வெட்டும் மெசினுக்கு வாரண்டிக் காலம் குறைவு என்று பல தயாரிப்பாளர்கள் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுத் தேவைக்கு வாங்கியது என்றால் அதையே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்க் கூலிக்குப் புல் வெட்டும் எண்ணம் இருந்தால், தம்பி, விட்டுவிடுங்கள். உங்கள் வேலை பெர்மிட் தோட்ட முதலாளியோடு கட்டியது. மாட்டினால் மெசின் கணக்கில் வராது, வேலையே போய்விடும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான். சர்வீஸ் சென்டர் அங்கே இருந்தால் கூரியரை விட நேரில் கொண்டுபோவதே நல்லது, தெரிந்தவர் வேன் போகும் நாளில் போங்கள். எப்படிப் போனாலும் டாங்கியைக் காலி செய்து, மெசினைத் தானாக நிற்கும்வரை ஓட்டி, மூடியைத் திறந்து ஓர் இரவு காற்றோட்டமான இடத்தில் வைத்து, பிறகு மூடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் கூரியர்க்காரர் வாங்கமாட்டார். பிளேடைக் கழற்றிவிடுங்கள். அதன் நட்டுக்குப் பெரும்பாலும் இடது மரை, வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் தளரும். தெரியாமல் மற்றப் பக்கம் அழுத்தி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தண்டு நீளமாக இருந்து பெட்டிக்குள் போகாவிட்டால், பிரிக்கலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதில் வந்த பிறகே பிரியுங்கள். தோள்வார், பிளேடு, சாவி எதையும் அனுப்ப வேண்டாம்.

ஒப்படைக்கும்போது ஜோப் ஷீட் (வேலைச் சீட்டு) எழுதுவார்கள். “ரொசாக்” (பழுது) என்று ஒரே சொல்லில் முடிக்க விடாதீர்கள். “எஞ்ஜின் மாத்தி செலெபாஸ் டுவா புலு மினிட், பிலா செஜுக் போலே ஹிடுப் செமுலா” என்று எழுதச் சொல்லுங்கள், அதாவது இருபது நிமிடத்தில் நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது. சீரியல் எண், தேதி, “டாலாம் வாரந்தி” (வாரண்டிக்குள்) மூன்றும் அதில் இருக்கட்டும். “செபுத் ஹர்கா” என்று ஒரு தாளை நீட்டினால் அது விலை மதிப்பீடு. கையெழுத்துப் போட்டால் காசு கொடுத்துப் பழுதுபார்க்கச் சம்மதித்ததாக ஆகிவிடலாம். வாரண்டி இல்லை என்ற காரணத்தை எழுத்திலும் படத்திலும் வாங்காமல் அதில் கையெழுத்து வேண்டாம்.

தவுக்கே சொன்ன “எனக்குச் சம்பந்தமில்லை” சட்டப்படி செல்லாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு தயாரித்தவரோடு விற்றவருக்கும் உண்டு. “விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது” என்று கடையில் மாட்டியிருக்கும் பலகை அந்தப் பொறுப்பை நீக்காது. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் முதலில் அவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் மெசினைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். கோளாறு தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடலாம், ஆகவே சோதனை முடிந்ததும் மெசினை நிறுத்தி வையுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

அதற்கும் மசியாவிட்டால் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா, அதாவது பயனீட்டாளர் தீர்ப்பாயம். போராங் 1 என்ற படிவம், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுப்பார்கள், வழக்குக்குக் காரணம் எழுந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம். வீட்டுத் தேவைக்கு வாங்கும் வகைப் பொருளா என்பது அங்கே கேள்வியாக வரும், அதனால் காய்கறிப் பாத்தியின் படம் ஒன்றும் ரசீதோடு இருக்கட்டும். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. படிவத்தை நிரப்பி அதன் படத்தைக் கடைக்கு அனுப்பினாலே பேச்சு மாறும்.

மெசின் திரும்பி வந்தால் கையெழுத்துக்கு முன் சீரியல் எண்ணைப் பாருங்கள், மாற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள், அங்கேயே அரைமணி நேரம் ஓடவிடுங்கள். உங்கள் கோளாறு இருபதாவது நிமிடத்தில்தான் வருகிறது, பத்து நிமிடத்தில் அணைத்துக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.