தாலி கட்டியது போதாதா?

அன்புள்ள ஐயா,

மலேசியப் பெண்கள் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைக்கும்படி 2024-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது மகிழ்ந்தோம். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இங்கேதான் பிறந்தான். அப்பா மலேசியத் தமிழர். இந்தோனேசியாவுக்குப் போன அம்மா திரும்பவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு இல்லை. வயது பன்னிரண்டு தாண்டியும் அடையாள அட்டை கிடைக்கவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வாசகி, கிள்ளான்

அன்புள்ள சகோதரிக்கு,

நிச்சயம் உண்டு. முறைப்படி கல்யாணம் ஆகியிருந்தால் பிள்ளை அப்பாவுடையது, ஆகாவிட்டால் அம்மாவின் பாடு என்ற பழைய எண்ணம்தான் இரண்டுக்கும் வேர். திருத்தத்துக்கு முந்தைய சட்டப்படி, மலேசிய ஆணுக்கு அவர் மனைவி பாங்காக்கில் பிள்ளை பெற்றால் அது மலேசியக் குடிமகன். அவர் தங்கை வெளிநாட்டவரை மணந்து அதே ஊரில் பெற்றால் அந்த உரிமை இல்லை என்றிருந்தது. தகப்பன் நாடும் கைவிட்டால் பிள்ளை நாடற்றதாகிவிடும். 2021-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் நின்றது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அதை ரத்து செய்தது. அப்புறம்தான் நீங்கள் சொல்லும் திருத்தம். அதுவும் ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையனை அந்த எண்ணம் மறுபக்கத்திலிருந்து அடிக்கிறது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையை மட்டுமே பார்க்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவானால்தான் செல்லும். ஆகவே ஊரைக் கூட்டித் தாலி கட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்தத் தகப்பன் இல்லாதவர். பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயரே இருக்கலாம். குடியுரிமை என்ற இடத்தில் மட்டும் ‘குடிமகன் அல்ல’ என்று இருக்கும். தாயின் நாட்டில் உரிமை இருந்தாலும், அவர் தூதரகத்தில் பதிவு செய்யாமல் போய்விட்டால் பையன் கையில் ஒரு தாளும் இருக்காது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம், பள்ளியில் சேர்க்க அலைச்சல், வளர்ந்த பிறகு வங்கிக் கணக்கு, வேலை என்று எல்லா வாசலிலும் நிறுத்துவார்கள். அப்பாவின் சட்டைப்பையிலோ குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டை இருக்கும்!

பிள்ளை பிறந்த பிறகு திருமணத்தைப் பதிந்தால் சரியாகிவிடுமா? பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2021 மே மாதம் இல்லை என்றது. ஏழு நீதிபதிகளில் நால்வர் அப்படிச் சொன்னார்கள். அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் உட்பட மூவர் மறுத்தார்கள். பெற்றவர்கள் கையெழுத்துப் போடாததற்குப் பிள்ளையைத் தண்டிப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

பையனுக்கு இப்போது இருக்கும் வழி அரசியலமைப்பின் 15A பிரிவு. சிறப்புச் சூழ்நிலையில் ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. முடிவு அரசின் கையில், வருடக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் விடக்கூடாது. 2024 திருத்தம் இதற்கான வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கிறது. அதனால் அப்பாவை உடனே ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள். மரபணுச் சோதனை முடிவு, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடக் கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வைக்கட்டும்.