ஊருணித் தண்ணீருக்கு ஓட்டெடுப்பு செல்லுமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் எங்கள் கிராமம். நாங்கள் ஆறு வீடு கிறிஸ்தவர்கள். கோயில் திருவிழா வரி கட்டவில்லை என்று, ஊருணியில் நாங்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது எனக் கிராம சபையில் கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். பெரும்பான்மை சொன்னால் கட்டுப்பட்டுத்தானே ஆக வேண்டும்?

பதில்: இந்த முடிவுக்கு வேண்டாம்.

எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு, ஊருணியைத் தூர் வாருவது இந்த வருடமா அடுத்த வருடமா, இதெல்லாம் கை தூக்கித் தீர்மானிக்கிற காரியம். தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துப்போகத்தான் வேண்டும். ‘குடிதண்ணீர் ஊருணியில் யாரும் துணி துவைக்கக் கூடாது’ என்று போட்டிருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். இங்கே நடந்திருப்பதோ ஆறு வீட்டை மட்டும் பிரித்து விலக்கும் வேலை.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அரசுப் பணத்தில் பராமரிப்பதோ, பொதுமக்களுக்கென்று விட்டதோ, எதுவானாலும் மதம், சாதி போன்றவற்றைக் காட்டி ஒருவரைத் தடுக்க முடியாது. நம் பக்கத்தில் நகரத்தார் சொந்தச் செலவில் வெட்டி ஊருக்கு விட்ட ஊருணிகள் உண்டு. ‘எங்க ஐயா வெட்டினது’ என்று யாராவது ஆரம்பித்தால், ஊருக்கு விட்ட அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

‘மதத்துக்காக இல்லை, வரி பாக்கிக்காகத்தான்’ என்பார்கள். சரி, அது என்ன வரி? ஊர்க்கூட்டம் கேட்டால் நன்கொடை, சட்டப்படி கட்டாயமில்லை. ஊராட்சியே வசூலித்தால் 27ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கும் வரியை யாரையும் கட்டச் சொல்லக் கூடாது. வீட்டு வரி, தண்ணீர் வரி வேறு. அவற்றில் பாக்கி இருந்தால் இன்றே கட்டிவிடுங்கள்.

எண்ணிக்கையைக் கண்டு மலைக்காதீர்கள். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, மதநம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு திருத்தம் கொண்டுவந்தாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்பது 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு. (அந்தத் தீர்ப்பே 7க்கு 6 என்று ஒற்றை ஓட்டில் வந்தது என்பது தனி வேடிக்கை.)

இனி காகித வேலை. ஊராட்சிச் செயலரிடம் தீர்மான நகல் கேளுங்கள். தரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறவே இல்லை என்றால் அது வெறும் ஊர்க்கூட்டப் பேச்சு. அதை வைத்து யாராவது வழிமறித்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏறியிருந்தால் நகலோடு சிவகங்கை ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 202 ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். வரிச் சண்டையின் பழைய கதை வேண்டாம். எந்தத் தேதியில், யார், எந்தப் படித்துறையில் தடுத்தார்கள் என்பது போதும்.

அங்கும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் மனு. உங்கள் வீட்டுப் பெண்கள் பெயரில் போடுவதானால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.