மடிநோய் முதல் கொலிஸ்டின் வரை: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி (கறவை மாடு வளர்ப்பவர், பெருந்துறை): டாக்டர் ஐயா, பசுவுக்கு மடிநோய் வந்து மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டோம். இப்போது பால் திரியாமல் வெள்ளையாக வருகிறது. நாளை பால் சொசைட்டிக்கு ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள் அம்மா. பால் தெளிந்துவிட்டதால் மருந்தும் வடிந்துவிட்டதாகப் பொருளில்லை. எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று மருந்துக் குப்பியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 2012இல் வந்த விதிப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும். முதல் ஊசியிலிருந்து எண்ணி ஏமாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ஒரு காம்பில்தானே நோய்" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊசி மருந்து ரத்தத்தில் ஓடி நான்கு காம்புக்கும் இறங்கும். கன்றுக்கும் அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம். அதன் குடலில் உள்ள கிருமிகள் மருந்தோடு பழகிவிடும். வேண்டுமானால் கொஞ்சம் எடுத்து உறை ஊற்றிப் பாருங்கள், பல சமயம் தயிர் தோயாது. தோய்ந்துவிட்டால் மருந்து இல்லை என்றும் நம்பிவிடக் கூடாது. ஒரு வாரப் பாலைக் கொட்டுவது என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொசைட்டித் தொட்டியில் உங்கள் பால் ஊரார் பாலோடு கலக்கிறது.

கேள்வி (சென்னை): காய்ச்சினால் மருந்து போய்விடாதா?

பதில்: கிருமி சாகும், மருந்தில் பெரும்பகுதி தங்கிவிடும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அந்த மிச்சமே தொல்லை தரலாம். இறைச்சியில் கதை வேறு. மருந்துக்கு அடங்காத கிருமியும் நன்றாக வெந்தால் செத்துவிடும். அது வீட்டுக்குள் பரவுவது கோழி நறுக்கிய அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கும்போதுதான்.

கேள்வி: கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

பதில்: இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகளைத் தினமும் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? அந்த வளர்ச்சி இனத்தேர்வாலும் தீவனத்தாலும் வருவது. ஹார்மோனுக்குப் பயப்படுகிறவர்கள் ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேட்பதேயில்லை.

கேள்வி (பண்ணையாளர், பல்லடம்): கொலிஸ்டினை ஏன் தடை செய்தார்கள்? கோழிக்குக் கொடுப்பதால் மனிதனுக்கு என்ன?

பதில்: சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனித மருத்துவம் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஆன்டிபயாடிக் அது. மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசி ஆயுதமாக அதையே திரும்ப எடுத்தார்கள். அதே காலத்தில் பண்ணைகளில் அது தீவனத்தோடு போய்க்கொண்டிருந்தது. 2015இல் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். கொலிஸ்டினை முறியடிக்கும் இந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து வேறு வகைக் கிருமிக்கும் தாவக்கூடியது. பண்ணையில் பழகியதை மருத்துவமனைக் கிருமியும் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அச்சம். 2019 ஜூலையில் இந்தியாவில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றுக்கும் அதைத் தடை செய்தார்கள். பழைய இருப்பு இருந்தாலும் எடுக்காதீர்கள் தம்பி.

கேள்வி (அதே பண்ணையாளர்): வேகமாக வளரத் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கே கலக்காவிட்டால் தொழில் நிற்குமா?

பதில்: ஸ்வீடன் 1986இலேயே நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல். டென்மார்க்கில் கறிக்கோழிக்குப் பெரிய பாதிப்பு வரவில்லை. பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கூடி, சிகிச்சைக்கான மருந்து சில காலம் ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டகைக் காற்றோட்டம், தண்ணீர்ச் சுத்தம், தடுப்பூசி இவற்றைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால் அடி விழும்.

கேள்வி (நாட்டுக்கோழி வளர்ப்பவர்): வெள்ளைக்கழிச்சலுக்குக் கடையில் மாத்திரை கொடுத்தார்கள்.

பதில்: அது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. நோய் வருமுன் காக்க, ஏழாம் நாளில் குஞ்சுக்கு லசோட்டா என்ற தடுப்பு மருந்தைச் சொட்டாக விடுங்கள்.

கேள்வி: மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சு பலிக்குமா?

பதில்: ஆரம்பத்திலேயே பிடித்தால் பலிக்கும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துக்கொள்ளுங்கள். மடியைக் கழுவி, பாலை முழுதும் கறந்து கொட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து நாளுக்குப் பல தடவை பூச வேண்டும். மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் நின்றால் அம்மியைத் தேடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.